எறும்புக்கு வைத்த மாவு

ஓசூரில் வேலை பார்க்கும் புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே நாளில் லீவு அமைவது அபூர்வம். மேகலாவுக்குப் பகல் ஷிஃப்ட் என்றால் அசோக்குமாருக்கு ராத்திரி ஷிஃப்ட். இவள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவன் டிபன் பாக்ஸோடு அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொண்டிருப்பான். கல்யாணமாகி இரண்டு வருஷம். பாதிக் குடித்தனத்தைச் செல்போனிலேயே நடத்தியாயிற்று. அதனால், "எங்கயாச்சும் காட்டுப் பக்கம் போயி ஒரு ராத்திரி தங்கிட்டு வருவோம் புள்ள, மிஷின் சத்தமே கேக்கக் கூடாது" என்று அவன் சொன்னதும் அவள் மறுபேச்சுப் பேசாமல் பையை எடுத்துவிட்டாள். தனியாக அவனோடு ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அஞ்செட்டி ரோட்டில் பைக்கில் கொஞ்ச தூரம் போய், மண்பாதையில் பிரிய வேண்டும். வெங்கடப்பன் என்கிற நிலத்துக்காரர், தன் மேட்டு நிலம் முடிந்து காடு ஆரம்பிக்கிற இடத்தில், பெங்களூர்க்காரர்களுக்காக டென்ட் அடித்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். மழைக்காலமாக இருந்ததால் அன்றைக்கு வேறு யாரும் வரவில்லை. வெங்கடப்பனும் ஊரில் இல்லை. சமையலுக்கும் காவலுக்கும் இருந்த மாதம்மாள்தான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்தாள்.

"வாங்க சார், வாம்மா. மழைக்கு முன்ன வந்து சேந்துட்டீங்க, நல்லதாப் போச்சி."

இடம் அழகாகத்தான் இருந்தது. சுற்றிலும் உன்னியும் காரையும் ஊஞ்சையும் மண்டிய புதர்க்காடு. சரிவில் நீல நிற டென்ட். பக்கத்தில் தகரக் கூரை போட்ட சமையல் கொட்டகை. ஆனால் பையைக் கீழே வைத்த மாத்திரத்தில் எறும்பு வந்துவிட்டது. சும்மா ஊர்ந்துவிட்டுப் போகிற எறும்பு இல்லை, கடித்தால் கவ்விய பிடியை விடாத கட்டெறும்பு. பிய்த்து எடுத்தால் உடம்பு கையோடு வரும், தலை மட்டும் தோலில் தைத்தபடி நிற்கும். மேகலா டீயை வாய்க்குக் கொண்டுபோனாள், மேலே இரண்டு மிதந்தன. முகம் கழுவலாம் என்று துண்டை உதறினாள், மடிப்புக்குள்ளிருந்து ஒரு கொத்து உதிர்ந்தது. ஒன்றை நசுக்கிய விரலை மூக்கருகே கொண்டுபோனாள், அந்தப் புளித்த வாடைக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சீ என்று விரலை மண்ணில் தேய்த்தாள்.

மாதம்மாள் அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தாள். தகர டப்பாவிலிருந்து அரிசி மாவை அள்ளி, வெல்லத்தைப் பொடித்துப் பிசைந்து, ஒரு பிடியாக உருட்டினாள். டென்ட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, புல்லே முளைக்காத வட்டமான வெறுந்தரை ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் அதை வைத்துவிட்டு வந்தாள். எறும்பெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது.

"எறும்பு தின்ன பொறவு நீங்க தின்னுங்க. அத கூட்டித் தள்ளிடாதீங்க. அந்தத் தரையில காலும் வெக்காதீங்க."

"ஏம்மா?" என்றாள் மேகலா.

மாதம்மாள் வானத்தைப் பார்த்தாள். "வர்றவங்ககிட்ட வாயத் தொறக்கக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிக்கிறாரு. சொன்னத மட்டும் செய்யுங்கம்மா." சப்பாத்தியும் கோழிக் குழம்பும் வைத்து மூடிவிட்டு, போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, தன் வீட்டு வழியில் இருக்கும் ஓடையில் தண்ணீர் வருவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று கிளம்பிவிட்டாள்.

அசோக்குமார் தேனிப் பக்கத்துக்காரன். ஓசூருக்கு வந்த நாளிலிருந்து இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. அங்கே ஃபைவ் எஸ் என்று ஒன்று உண்டு. எந்தப் பொருளுக்கும் ஓர் இடம், அந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் கோடு, கோட்டுக்குள் தூசி தும்பு இருக்கக் கூடாது. அதை ஒழுங்காகக் கடைப்பிடித்ததற்கு அவன் இரண்டு தடவை கேடயம் வாங்கியிருக்கிறான். வீட்டில்கூட உப்பு ஜாடிக்கு அடியில் கோடு போட்டு வைத்திருக்கும் மனுஷன். இப்படிப்பட்டவன் கண்ணில் அந்த மாவு பட்டால் சும்மா விடுவானா?

"இந்தா பாரு, எறும்பு எதுக்கு வருதுன்னு இப்பத் தெரியுதா? இனிப்ப வச்சு அவிங்களே கூப்பிடுறாங்ய. மொதல்ல மூலகாரணத்தத் தூக்கணும்."

"வேணாங்க. அந்தம்மா அவ்ளோ சொல்லிட்டுப் போறாங்க."

"அது சொல்லும். கடி வாங்குறது நம்மல்ல?"

அவன் மாவை எறும்போடு சேர்த்துத் தட்டில் வழித்து அடுப்பில் கொட்டினான். எறும்புகள் படபடவென்று பொரிந்தன. பிறகு வெறுந்தரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கல் இல்லை, வேர் இல்லை, புல் இல்லை, ஒற்றை எறும்புகூட இல்லை. மட்டம் பிடித்து வைத்த தரை மாதிரி இருந்தது. மேகலா தடுத்துப் பார்த்தாள், அவன் கேட்கவில்லை. டென்ட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் அதன் நடுவில் அடித்தான். பையிலிருந்து எறும்பு சாக்பீஸை எடுத்து, டென்ட்டைச் சுற்றி இடைவெளி விடாமல் தடித்த கோடு ஒன்று போட்டான். கையைத் தட்டிக்கொண்டு, "இனி ஒண்ணு உள்ள வரட்டும் பாப்போம்" என்றான்.

வரவில்லைதான். ஒன்றுகூட உள்ளே வரவில்லை. மேகலாவுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. இருவரும் டென்ட் வாசலில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். அவன் அவளுடைய விரல்களுக்குச் சொடக்கு எடுத்துவிட்டான். இப்படி உட்கார்ந்து எத்தனை மாசமாயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே மேகம் இறங்கி, பொழுது சாயும் முன்னாலேயே காடு இருட்டிவிட்டது. குருவிச் சத்தம் நின்றது.

முதலில் வந்தது வாடை.

வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் பாகு தீய்ந்து, அதில் ஈ விழுந்து, நாள்கணக்கில் கிடந்தால் எப்படி நாறும், அப்படி ஒரு வாடை. இனிப்பும் அழுகலும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் போய் ஒட்டியது. மேகலா மூக்கைப் பொத்தினாள். அது டென்ட்டுக்கு அடியிலிருந்து வந்தது.

"ஏங்க, இங்க என்னமோ செத்துக் கெடக்குது."

"மழ வாசம் புள்ள" என்றவன் சுருக்கென்று கழுத்தைத் தட்டினான். "ஸ்ஸ்... கடிச்சிருச்சு."

அவள் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். கழுத்தில் சிவந்த தடிப்பு இருந்தது. எறும்பு இல்லை. சட்டைக்குள், காலருக்கடியில், முடிக்குள் எல்லாம் தேடினாள். எதுவும் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் முன்கையில் இன்னொரு தடிப்பு எழும்பியது. தோல் கிள்ளியதுபோல் மேலெழுந்து, நடுவில் ஒரு பொட்டு ரத்தம் கசிந்தது. கடிக்கிற வாய் மட்டும் கண்ணில் படவில்லை.

அவள் அவன் கையைப் பிடித்தாள். பிசுபிசுத்தது. முழங்கை வரைக்கும் ரோமமெல்லாம் தோலோடு ஒட்டிப் படிந்திருந்தது. அவள் விரலை எடுத்தபோது நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. அருவருப்பில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. துப்பட்டாவில் துடைத்தாள், துப்பட்டாவும் ஒட்டியது.

வெளிச்சத்தை வெளியே திருப்பினாள்.

சாக்பீஸ் கோட்டைச் சுற்றி எறும்பு நின்றது. ஆயிரக்கணக்கில், கோட்டுக்கு அந்தப் பக்கம், தலை எல்லாம் உள்பக்கம் பார்த்தபடி நின்றது. ஊரவில்லை, அலையவில்லை. எறும்பு சும்மா நின்று அவள் பார்த்ததே இல்லை.

"ஏங்க, எந்திரிங்க. கெளம்பலாம்."

அவன் டென்ட்டுக்குள் ஒருக்களித்துச் சரிந்து கிடந்தான். சொறிந்துகொண்டிருந்த கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போயிருந்தன. மணிக்கட்டு இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று இறுக்கமாக ஒட்டியிருந்தன. அவள் பிடித்து இழுத்தாள், பிரியவில்லை. அவன் தோளை உலுக்கினாள்.

"அவ்வா..." என்றான்.

அது அவன் குரல் இல்லை. சின்ன வயசு ஆளின் வறண்ட குரல்.

"கடீதாவெ, அவ்வா... கை பிச்சு..."

மேகலா கெலமங்கலத்தில் பிறந்து வளர்ந்தவள். தெருவில் பாதி வீடு கன்னடம் பேசும். அம்மா, கடிக்கின்றன, கையை அவிழ்த்துவிடு என்று அவன் சொன்னது அவளுக்குப் புரிந்தது. அசோக்குமாருக்குக் கடையில் கன்னடத்தில் பாக்கிச் சில்லறை கேட்கக்கூடத் தெரியாது. 

"வெளையாடாதீங்க" என்றாள். அழுகை வந்துவிட்டது.

அவன் வாயைத் திறந்தான். பல்லிடுக்கிலிருந்து ஒரு கட்டெறும்பு வெளியே வந்தது. வாயில் வெள்ளையாக எதையோ கவ்விக்கொண்டு, உதட்டைத் தாண்டி, தாடை வழியாக நிதானமாக இறங்கிப் போனது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது. அதுவும் வெறும் வாயோடு வரவில்லை. மேகலா வெளியே ஓடிவந்து கோட்டுக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தாள். எறும்புகள் அதைக்கூட மோந்து பார்க்கவில்லை.

இந்த மனுஷனை விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று ஒரு கணம் கால் பரபரத்தது உண்மைதான். அடுத்த கணமே அந்த நினைப்புக்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. மாதம்மாளுக்குப் போன் போட்டாள். சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைத்தது.

விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்னமே மாதம்மாள் கேட்டாள். "மாவு இருக்குதா, எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டாரும்மா. அந்த எடத்துலதான் படுத்துக்கிறாரு."

"அங்கதாம்மா அவன கட்டிப் போட்டாங்க" என்றாள் மாதம்மாள். "கல்லு ஒடைக்க வந்த பையன். கர்நாடகா. முடியலைன்னு ஓடிட்டான். குவாரிக்காரங்க புடிச்சாந்து, கைய பின்னாடி கட்டி, வெல்லப்பாக ஊத்திட்டுப் போயிட்டாங்க, பாவிங்க. காலையில வந்து பாத்தா... எறும்பு இன்னும் அவன வுடல. வேற தீனி போட்டாத்தான் அன்னிக்கி ஒரு பொழுது அவன வுடும். அதுக்குத்தான் மாவு. தீனி இல்லைன்னா அவன்கிட்ட போவும். அவன் இருக்கிற எடத்துல யாரு படுத்துக்கிறாங்களோ..."

"இப்ப என்ன பண்ணட்டும்?"

"டப்பாவுல மாவு இருக்குது. நீயே பெசஞ்சி, உன் கையால வெய்யி. அதுங்க வர்றதுக்கு வழி வுடு. தின்னு முடிக்கிற வரைக்கும் கைய எடுக்காத. கடிச்சாலும் ஒதறாத, கேட்டுதா? ஓடையில தண்ணி பொரளுது, என்னால வர முடியாதும்மா..."

இணைப்பு அறுந்தது.

மழை பிடித்துக்கொண்டது. மேகலா கொட்டகைக்கு ஓடினாள். மாவையும் வெல்லத்தையும் அள்ளிக்கொண்டு வந்து, மழைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். ஈரத் துப்பட்டாவால் சாக்பீஸ் கோட்டை ஒரு முழ நீளத்துக்குத் தேய்த்து அழித்தாள். அழித்த இடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்து, அதில் மாவை வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள்.

வரிசை அசைந்தது.

முதலில் நகக்கண்ணில் ஏறின. அப்புறம் விரலிடுக்கு, அப்புறம் மணிக்கட்டு. கை முழுக்கக் கறுத்துப்போய், கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பாதத்தின்மேல் ஏறி, பேன்ட்டுக்குள் புகுந்து, தொடை வரை வந்தன. ஒன்று காதுமடலில் நின்று உள்ளே போகலாமா என்று யோசித்தது. கடித்தன. பிடுங்கிக்கொண்டு ஓட வேண்டும் போலவும், இந்தத் தோலையே உரித்துப் போட்டுவிட வேண்டும் போலவும் இருந்தது. தாடையை இறுக்கிக்கொண்டு, "தின்னுங்க, தின்னுங்க, அவர வுட்டுடுங்க" என்று முனகிக்கொண்டே இருந்தாள். அந்தப் புளித்த வாடை மூக்கிலேறி, கண்ணீரும் சளியும் ஒன்றாக ஒழுகின. அவள் துடைக்கவில்லை.

டென்ட்டுக்குள் முனகல் குறைந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளங்கையில் மாவு தீர்ந்து, கடைசி எறும்பும் இறங்கிப் போனது. கை வீங்கிப் பூரியாகியிருந்தது.

"மேகலா, மழையில அங்கன குத்தவச்சு என்னடி பண்ற?"

அசோக்குமாரின் குரல். அவனுடைய சொந்தத் தேனிக் குரல். டென்ட்டிலிருந்து இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தவழ்ந்து வந்துகொண்டிருந்தான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பையைக்கூட எடுக்கவிடவில்லை. அப்போதே பைக்கை எடுக்கச் சொல்லி, தேன்கனிக்கோட்டை டீக்கடை வெளிச்சத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. அங்கே அவன் இரண்டு டீ குடித்தான், மூன்று பஜ்ஜி தின்றான், தூங்கிப்போய்விட்டதாகவும் ஏதோ கடித்ததாகவும் சொன்னான். வேறு எதுவும் அவனுக்கு நினைவில் இல்லை. ஆஸ்பத்திரியில் பூச்சிக்கடி என்று ஊசி போட்டு அனுப்பினார்கள்.

தடிப்புகள் வற்றின. அவன் ராத்திரி ஷிஃப்ட்டுக்குப் போனான், வந்தான், உப்பு ஜாடியைக் கோட்டுக்குள் நகர்த்தி வைத்தான். மேகலா தினமும் அவன் தூங்கும்போது பக்கத்தில் நின்று வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் வரவில்லை. கன்னடமும் பேசவில்லை.

ஆனால் ஒரு நாள் சாயங்காலம் அவர்கள் வீட்டு வாசற்படியில் கட்டெறும்பு வந்து நின்றது. சிமென்ட் கட்டடத்தின் மூன்றாவது மாடி. அக்கம்பக்கத்தில் ஒரு செடிகூடக் கிடையாது. தலையை உள்பக்கம் திருப்பி, நிலையோரம் வரிசையாக நின்றது. மேகலா கேள்வி கேட்காமல் மாவு பிசைந்து, செய்தித்தாளை விரித்து, அடுக்களைப் பால்கனியில் வைத்தாள். எறும்பு தின்றுவிட்டுப் போனது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வேலைக்குப் போகும் முன் பிசைந்து வைத்துவிடுவாள். "ஊர்ல இருக்கிற எறும்புக்கெல்லாம் நீதான் மெஸ் நடத்துற" என்று அசோக்குமார் கேலி செய்வான். செய்துவிட்டுப் போகட்டும். ஒரு பிடி மாவில் புருஷன் புருஷனாகவே இருந்தால் அவளுக்கு அது பெரிய விஷயம் இல்லை.

நேற்று அவள் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது வெயில் இன்னும் தாழவில்லை. அவனுக்கு வார விடுமுறை. கதவு திறந்திருந்தது, டிவி ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே அவள் கண்ணில் எறும்பு பட்டது. கூடத்துச் சுவரோரம் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. பசியோடு நின்றதாகத்தான் அவளுக்குப் பட்டது. காலையில் வைத்த மாவு என்னவாயிற்று என்று நேராகப் பால்கனிக்குப் போனாள்.

செய்தித்தாள் காலியாக இருந்தது. எறும்பு தின்றால் பொடி மிஞ்சும். பொடி இல்லை.

தாள் ஈரமாக இருந்தது. அகலமான ஈரக் கோடுகள், ஒன்றன்பக்கத்தில் ஒன்று, எச்சில் வாடையோடு. எழுத்து மை கலங்கி, சில இடங்களில் தாளே நைந்து கிழிந்திருந்தது. கையால் எடுத்த அடையாளம் எங்கும் இல்லை. நாக்கால் நக்கியிருந்தது.

மெல்லத் திரும்பினாள்.

அசோக்குமார் பால்கனிக் கதவில் சாய்ந்து நின்றிருந்தான். மீசையில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. முகத்தில் வழக்கமான சிரிப்பு. கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"வந்துட்டியா புள்ள?" என்றான், அவனுடைய சொந்தக் குரலில். "இன்னைக்கு ஏன் வெல்லம் கம்மியாப் போட்ட?"